தங்கை எழுதிய பரீட்சை

2004-ஆம் வருடம். பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்தவள் என்பதால் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, எனக்கு டிப்ளமோ இரண்டே வருடம்தான். அதில் நல்ல மார்க் வாங்கினால் பி.இ.க்குப் போகலாம். அரியலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன எனக்கு அந்த ஒரே நினைப்புதான். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

பையன்களோடு பேசக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சிறுவாச்சூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவரும் என்னைப் போலவே பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவர். வகுப்பில் முதலிடத்துக்கு எங்கள் இருவருக்கும்தான் போட்டி. ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் லேபில் மோட்டார் டெஸ்ட். சுழலும் டிரம்மின் மேல் பெல்ட்டை இறுக்கி, மோட்டார் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்போம். குனிந்து மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். லேப் கோட்டுக்குள் செருகியிருந்த துப்பட்டா எப்போது வெளியே வந்ததோ தெரியவில்லை. அது டிரம்மில் சிக்கி, கழுத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. முகம் டிரம்மை நோக்கிப் போனது. கத்தக்கூட மூச்சு இல்லை.

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கை குறுக்கே வந்து துப்பட்டாவைப் பிடித்து பலங்கொண்ட மட்டும் இழுத்தது. துணி கிழிந்தது. நான் பின்னால் விழுந்தேன். யாரோ மெயினை அணைத்தார்கள். எழுந்து பார்த்தால், அந்தச் சிறுவாச்சூர்க்காரருடைய வலது கை பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே மாட்டியிருந்தது.

விரல்களில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. எழுதும் கை அது. ஒரு பரீட்சை தவறினாலும் அந்த வருடம் பி.இ. கிடையாது.

அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத அனுமதி கிடைத்தது. ஆனால் எழுதுபவர் எங்கள் பாடம் படிக்காதவராக, எங்களைவிடக் கீழ் வகுப்பில் இருப்பவராக இருக்கவேண்டும். அவர் ஊரில் கேட்டுப் பார்த்தார்கள். "பெரிய பரீட்சைங்க, தப்பா எழுதிட்டா பாவம் எங்க தலையில வுழும்" என்று எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு வீட்டில் வந்து சொன்னேன். என் தங்கை அப்போது பிளஸ் ஒன் முடித்து லீவில் இருந்தாள்.

"நான் போய் எழுதறேன்" என்றாள் சட்டென்று.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வயசுப் பொண்ணு. மூணு மணி நேரம் ஒரு பையன் பக்கத்துல தனியா உக்காந்து எழுதுவாளா? ஊரு என்னடி பேசும்?"

"அன்னைக்கி அந்த மெஷின்ல அக்கா செத்துப் போயிருந்தா ஊரு என்னம்மா பேசியிருக்கும்?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாதான் சொன்னார்: "ரெண்டு பேரும் கெளம்புங்க. அம்மாவும் கூட வருவா."

அந்த வாரம் முழுக்கத் தங்கைக்கு வாசலில் கோலமாவால் சர்க்யூட் போடக் கற்றுக்கொடுத்தேன். கம்பிச் சுருளான காயிலை முறுக்கு போலச் சுற்றி வரைந்தாள். "கெபாசிட்டர்னா ரெண்டு கோடு, அவ்வளவுதானக்கா? இதுக்குப் போயி ரெண்டு வருஷம் படிக்கிறீங்களா?" என்று சிரித்தாள்.

முதல் பரீட்சை சரியாகப் போகவில்லை. அவர் சொல்லும் வார்த்தைகள் அவளுக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டியிருந்தது. கடைசிக் கேள்வியைத் தொடுவதற்குள் பெல் அடித்துவிட்டது. வெளியே வந்ததும் தங்கை அழுதுவிட்டாள்.

"என்னாலதானே அண்ணே..."

"அழாதம்மா. நீ வரலன்னா நான் உள்ளயே போயிருக்க முடியாது" என்றார். ஆனால் அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

வேப்பமரத்தடியில் காத்திருந்த அம்மா எழுந்து வந்தாள். அதுவரை அவரிடம் பேசியதே இல்லை. கட்டுப்போட்ட கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதிரே டீக்கடைக்குப் போய் ஒரு ஸ்பூன் வாங்கி வந்து, எங்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்தாள். "தம்பி, இடது கையாலயே சாப்புடுங்க. அடுத்த பரீட்சைக்கு முன்னாடி இங்கயே உக்காந்து பேசிப் பாத்துக்கங்க. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்திய நாள் அதே மரத்தடியில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை எழுதிப் பழகினாள். பதிலில் சந்தேகம் வந்தால் அவர் என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன். இரண்டு வருடம் தனித்தனியாக முட்டிமோதிப் படித்த பாடங்கள் அந்தச் சில நாட்களில் எனக்கே புதிதாக விளங்கின. அம்மா போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டு காவல் இருந்தாள்.

ரிசல்ட் வந்தது. முதல் பேப்பரில் அவருக்கு மார்க் குறைவுதான், ஆனால் பாஸ். மற்றவற்றில் என்னைத் தாண்டிவிட்டார். இருவருக்கும் பி.இ. இடம் கிடைத்தது, வேறு வேறு ஊர்களில். தங்கையின் கல்யாணத்தில் அண்ணன் முறை செய்ய முன்னால் வந்து நின்றது அவர்தான்.

இதைக் கேட்பவர்கள் "அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமா?" என்பார்கள். இல்லை. அவரவருக்கு அவரவர் குடும்பம். அவரை நினைக்கும்போது நன்றியோடு ஒரு சின்ன வருத்தமும் வரும்: ஒரே அறையில் அத்தனை நாள் அந்நியர்களாக உட்கார்ந்திருந்தோமே என்று. அதனால்தான் இன்று எந்தப் புது இடத்துக்குப் போனாலும், பக்கத்தில் இருப்பவரிடம் முதல் வார்த்தை பேசுவது நானாகத்தான் இருக்கும்.