பதினொன்றாம் நம்பர் கூண்டு

ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போவதில்லை என்று ஒன்பது வயதுவரை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். என் மேல் தப்பில்லை. காசிமேட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கும். மழை பெய்தால் லீவு. ஐப்பசி, கார்த்திகையில் விடிந்ததும் விடியாததுமாக டிவி முன்னால் உட்கார்ந்து, கீழே ஓடும் எழுத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று பார்ப்போம். வந்துவிட்டால் தெருவே கூச்சல் போடும். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வரும் அத்தை, "இங்க ஒரே மழ" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். எப்போதும் மழை என்றால் எப்போதும் லீவு. அத்தை மகளை நினைத்து எனக்கு வயிறு எரியும்.

அத்தை, என் நைனாவின் ஒரே தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையோரத்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் அத்தை நர்ஸாக இருந்தாள். ஊர் என்றால் நாம் நினைக்கிற ஊர் இல்லை. போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டுவாள். புல், ஒரு கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடுகள், அதற்கும் அந்தப் பக்கம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் கடல். மனிதர்களைத் தேடினால் ஒருத்தரும் தென்பட மாட்டார்கள்.

"ஜனங்கள்லாம் எங்க அத்த?"

"குளுருக்கு உள்ள கீறாங்க கண்ணு."

கொடியில் போட்ட துணி மட்டும் மழையில் ஆடிக்கொண்டிருக்கும். எடுக்கக் கூடாதா என்று அம்மா பதறுவாள். எடுத்தால் வெயில் வருகிறது, மறுபடி போட்டால் மழை வருகிறது, அதனால் விட்டுவிட்டேன் என்பாள் அத்தை. துறைமுகத்துக் கரியும் லாரிப் புழுதியும் படிவதற்குள் துணியை எடுக்க மாடிக்கு ஓடுகிற அம்மாவுக்கு அது ஆறவே ஆறாது. அன்று முழுக்க அந்தத் துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

நைனா மட்டும் போன் முன்னால் வரவே மாட்டார். தாயும் தகப்பனும் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். விசைப்படகில் ஆளாகப் போய் அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அந்த ஆள் நிலையில்லாதவன், வேண்டாம் என்றார். அத்தை கேட்கவில்லை. நைனா கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தை அந்த மாமாவோடு விமானம் ஏறியவள்தான். அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இதெல்லாம் நான் பிறகு துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் குழம்பும் சாப்பிட்டு, போன் மணி அடித்ததும் நைனா எழுந்துபோய் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார் என்பது மட்டும்தான்.

உட்கார்ந்துகொள்வாரே தவிர, எட்டிப் போகவும் மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தெருவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொல்வார்.

"அங்க காத்து இன்னா காத்துனு கேளு."

நான் கேட்பேன். "வாடக் காத்துனு சொல்லு" என்பாள் அத்தை. நான் வாசலைப் பார்த்துக் கத்துவேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும், நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை, எதற்கு என் தொண்டையைக் கிழிக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

காற்று விசாரணை இப்படி என்றால், அதைவிட முக்கியம் கூண்டு. புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா, அதன் நம்பரைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் சோறு வேகும். ஒன்று என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது. மூன்று, நான்கு என்றால் உஷார். பத்து என்றால் பெரிய ஆபத்து, நேராகத் தலைமேல். எங்கள் மொட்டைமாடியிலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தால் துறைமுகத்துக் கம்பம் தெரியும். சின்ன வயதில் அத்தைதான் மாடிக்கு ஓடிப்போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்து அண்ணனிடம் சொல்வாளாம். அவள் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அத்தை காலத்திலிருந்தே வீட்டுக்குள்ளும் கூண்டு நம்பர் புழங்கிவந்தது. அம்மா பாத்திரத்தை ஓங்கி வைத்தால் நைனா என் காதில், "அஞ்சாம் நம்பர் ஏத்திகினு கீறா, கிட்ட போவாத" என்பார். அத்தைக்கும் அந்தப் பாஷை மறக்கவில்லை. இரவு வேலை முடித்து அலுத்து வந்த நாளில், "இங்க மூணாம் நம்பர்னு சொல்லு" என்பாள்.

பத்துக்கு மேலே பதினொன்று என்று ஒன்று உண்டு. அது புயலின் பலத்தைச் சொல்வதில்லை. வானிலைக்காரர்களோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி ஒரு சேதியும் வராது என்பதற்காக ஏற்றுவது. அம்மா நைனாவைக் குத்திக்காட்டுவதற்கு இந்த நம்பரைத்தான் வைத்திருந்தாள். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பதினொண்ணு ஏத்துனது, இன்னும் எறக்குன பாடில்ல" என்பாள். பதினொன்று பத்தைவிடப் பெரியது, ஆகவே அது பெரிய புயல் என்பது என் படிப்பு.

அத்தை மகள் என்னைவிடச் சின்னவள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு பாதிதான் வரும். ஒருநாள் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வானம் மூடிக்கிடப்பதைக் காட்டி, "ட்ரீஹ்" என்றாள். அவர்கள் ஊர் வார்த்தையாம். கடைசி எழுத்தைத் தொண்டையில் காறுவதுபோல் சொல்ல வேண்டும். நான் விடாமல் காறிக் காறிப் பழகிக்கொண்டிருந்தேன். வாசற்படியிலிருந்து நைனா, "நம்ம பாஷைல அது மந்தாரம்னு கொயந்தைக்குச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்தப் பெண் "மந்தாரம், மந்தாரம்" என்று குதித்தாள். பின்னால் அத்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். அந்த அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் பெயின்ட் அடித்துக்கொண்டு கிடந்தன. நைனா நாள் முழுக்க வீட்டில் இருந்ததால் அம்மாவின் கூண்டு தினமும் இரண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. சாப்பாடு முடிந்து நைனா வாசற்படியில் மாம்பழத்தைக் கசக்கிச் சப்பிக்கொண்டிருந்தார். போன் வந்தது.

அங்கே இன்னும் காலைதான், ஆனாலும் அப்படி ஒரு வெயிலை அத்தையின் ஜன்னலில் நான் பார்த்ததே இல்லை. கடல் நீலமாக இருந்தது. ஆடுகள் கண்ணை மூடிக்கொண்டு புல்லில் படுத்திருந்தன. அதிசயத்திலும் அதிசயமாக மனிதர்கள் இருந்தார்கள்! பக்கத்து வீட்டுக் கிழவரும் கிழவியும் நாற்காலி போட்டு, கைகால் எல்லாம் இறால் நிறத்தில் சிவந்துபோய், ஏதோ திருவிழா பார்க்கிறவர்களைப்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மகள் வெறுங்காலோடு ஐஸ்கிரீமை வழியவிட்டுக்கொண்டு ஓடினாள். கொடியில் துணிகள் முறுமுறுவென்று காய்ந்துகொண்டிருந்தன. அம்மா அதைப் பார்த்துத்தான் முதலில் சந்தோஷப்பட்டாள்.

அத்தை மட்டும் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை.

"நைனா கீறாரா?"

"வாசல்ல கீறாரு. மாம்பயம் துன்னுகினு."

அத்தை ஆடாமல் அசையாமல் திரையையே பார்த்தாள். போன் நின்றுவிட்டதோ என்று நான் திரையைத் தட்டினேன். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நைனாகிட்ட சொல்லு. இங்க பத்தாம் நம்பர் ஏத்திட்டாங்கனு சொல்லு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜன்னலில் இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்றப் பார்க்கிறாள்? வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

"நைனா, அத்த டபாய்க்கிது! அங்க ஸோக்கா வெயில் அடிச்சினு கீது, பத்தாம் நம்பராம்!"

அம்மா கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள். நைனா எழுந்து வந்தார். பொய் சொன்னதற்கு அத்தையைத் திட்டத்தான் வருகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. மாம்பழச் சாறு ஒழுகும் கையோடு போனைப் பிடுங்கிக்கொண்டார். ஈரக்கையால் போனைத் தொட்டால் என் முதுகைப் பிளக்கிற அம்மா, வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு அந்தப் போனில் எறும்பு ஊர்ந்தது.

"இன்னாம்மா?" என்றார் நைனா.

அவ்வளவுதான். அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா அவசரப்படுத்தவில்லை. பெரியவர்கள் இப்படிப் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எதற்கு நெட்டைச் செலவழிக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவரு பூட்டாரு அண்ணே" என்றாள் கடைசியில். "என்னையும் கொயந்தையையும் வுட்டுட்டு வேற வூட்டுக்குப் பூட்டாரு. இனிமே வரமாட்டாராம். ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லல. நீ அன்னிக்கே சொன்ன. நான்தான்..."

"அத வுடு."

"இல்லண்ணே, நீ அன்னிக்கே..."

"வுடும்மா, அது இன்னாத்துக்கு இப்ப. கூண்டு ஏத்துனா நாம இன்னா பண்ணுவோம்? சொல்லு."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிற பிள்ளையின் குரலில், "போட்டத் திருப்பிக்கினு கரைக்கு வந்துடுவோம்" என்றாள்.

"அப்ப வந்துடு. கொயந்தைய இட்டுகினு வந்துடு. வூடு கீது. நான் கீறேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மாமா வேறு வீட்டுக்குப் போனதில் என்ன இருக்கிறது? நாங்களும்தான் இரண்டு தடவை வீடு மாற்றியிருக்கிறோம். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற அத்தையிடம் படகு ஏது? சந்தேகம் கேட்கலாம் என்று அம்மாவைப் பார்த்தால், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தோணியார் படத்தைப் பார்த்து, "அப்பாடா, பதினொண்ண எறக்கியாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தையும் மகளும் அந்த வருஷ மழைக்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி இருக்காது. நாலு மாதம் இருந்துவிட்டு, வேலையை விட மனமில்லாமல் அத்தை திரும்பிப் போனாள். இந்தத் தடவை விமான நிலையத்துக்கு நைனாவும் போனார். இருந்த நாட்களில் ஒரு காலை, டிவியில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வந்து தெருவே கூச்சல் போட்டபோது, அத்தை மகள் கண்ணை விரித்து, "மழைக்கா லீவு?" என்று கேட்டாள். அவள் ஊரில் கொட்டுகிற மழையில் கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்களாம். இத்தனை வருஷம் வீணாக வயிறு எரிந்திருக்கிறேன்.

அந்த மே மாத மதியத்துக்கு வருகிறேன். அம்மா பதினொன்றை இறக்கியாச்சு என்றதும் எனக்குப் பகீரென்றது. இறக்கினார்கள் என்றால் ஏற்றியிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? கூண்டு பார்ப்பது என் வேலை. என் கண்ணில் படாமல் எப்போது ஏற்றினார்கள்? மாடிக்கு ஓடினேன். செருப்பு போட மறந்துவிட்டேன். பொசுக்கும் தரையில் காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தேன். கிரேன்கள் நின்றன. கம்பம் மொட்டையாக இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒரு கொடித்துணிகூட அசையவில்லை.

இறங்கி வந்தேன். நைனா இன்னும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்திலும் மாம்பழச் சாறு.

"இங்க கூண்டே ஏத்தல நைனா. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நைனா என்னைப் பார்த்தார்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். கால் சுட்டுடுச்சு."

"செரி, அத நீயே அத்தகிட்ட சொல்லு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

நான் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் கேட்கட்டும் என்று கத்திச் சொன்னேன். "அத்த, இங்க கூண்டே இல்ல!"

அத்தை அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் அந்த வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. கூண்டு இல்லையென்றால் நல்ல சேதிதானே, தப்பாக எதையாவது சொல்லிவிட்டேனோ என்று பயந்து, நான் மறுபடியும் மாடிக்கு ஓடிப்போய்க் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.