அறுபத்து நான்கு விதிகளும் சாத்திய ஜன்னலும்

சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்கியது. மற்றபடி எல்லாருக்கும் அவள் ‘எத்தனை அக்கா’. யார் என்ன சொன்னாலும், “எத்தனை பேரு? எத்தனை தடவை?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவாள். ஒருமுறை அவள் வீட்டுக்காரர் ஆசையாக, “என்னை மாதிரி புருஷன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார். “எல்லாரும்னா எத்தனை பேரு?” என்று கேட்டாள். விசாரித்துப் பார்த்ததில் ஒரே ஒருவர். அதுவும் அவருடைய அம்மா.

தொற்றுநோய் பரவி, பள்ளிக்கூடங்கள் பூட்டிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. திறப்பதற்கு முன் விதிமுறைகள் வகுக்க ஒரு குழு போட்டார்கள். குழுவின் தலைவர் மருத்துவ அதிகாரி. தங்கமான மனுஷர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனால் யார் எந்த யோசனை சொன்னாலும், “பேஷ், சேர்த்துக்கலாம்” என்று சேர்த்துக்கொண்டே போனார். விதிகள் அறுபத்து நான்கு ஆயின. பென்சில்களை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும் என்றது பதினேழாவது. இடைவெளி குறையாமல் இருக்கப் பிள்ளைகள் குடையை விரித்தபடியே நடக்க வேண்டும் என்றது இருபத்திரண்டாவது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் முகக்கவசத்துக்குள் புன்னகை செய்யலாம் என்றது நாற்பதாவது.

“சார், இதுல எத்தனைக்கு ஆதாரம் இருக்கு?” என்று கேட்டாள் அவள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாமே நல்ல எண்ணத்துல சொன்னதும்மா.”

“நல்ல எண்ணத்தை எதால சார் அளக்கறது?”

அவளிடமிருந்து தப்பிக்க வேறு வழி தெரியாமல், ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வகுப்பை மட்டும் மூன்று நாள் வரவழைத்துச் சோதித்துப் பார்க்க அனுமதி கொடுத்தார். கூடவே உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவியும் கொடுத்தார். அறையில் இருப்பவர்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று அது எண்ணில் காட்டும். திறந்த வெளியில் நானூற்றுச் சொச்சம் இருக்கும். எண்ணூறு வரை பரவாயில்லை. ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் கீச்சென்று கத்தும்.

முதல் நாள் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுக் குடைகளோடு வந்தார்கள். வாசல் மூன்றரை அடி அகலம். ஒரு குடையின் கம்பி இன்னொன்றில் மாட்ட, மாட்டியதை எடுக்க வந்தவன் குடையும் மாட்ட, கால் மணி நேரம் அத்தனை பேரும் ஒரே கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ‘குடை: சிக்கியவை பதினொன்று. மூக்கில் குத்தியது ஒன்று (என் மூக்கு)’ என்று குறித்துக்கொண்டாள். இடைவெளிக்காகத் தரையில் வரைந்திருந்த வட்டங்களைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கால் அரித்தது. ஒற்றைக் காலில் தாவி விளையாட ஆரம்பித்தார்கள். ஒரே வட்டத்தில் அதிகபட்சம் நான்கு பேர்.

பிறகு தலைமையாசிரியர் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். பதினோரு மாதமாக அவர் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் இல்லை. வீட்டில் அவர் தொண்டையைச் செருமினாலே மனைவி மொட்டைமாடிக்குப் போய்விடுவாளாம். இப்போது முப்பத்தெட்டுப் பேர், ஓட முடியாதபடி எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். முகம் மலர, அறுபத்து நான்கு விதிகளையும் விளக்கத்தோடு வாசிக்கத் தொடங்கினார். காற்றில் தாள்கள் பறந்தன. “ஜன்னலையெல்லாம் சாத்துங்க” என்றார். சாத்தினார்கள்.

“விதி முப்பத்தொண்ணு. மூடிய அறையில் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் கூடியிருக்கக் கூடாது. இதை நாம ஆழமாச் சிந்திக்கணும்” என்று அவர் இருபத்தாறாவது நிமிஷத்தில் சொன்னபோது கருவி கீச்சென்று கத்தியது. அவர் கைபேசி என்று நினைத்து, “யாரது? அணைச்சு வைங்க” என்று அதட்டிவிட்டுத் தொடர்ந்தார். முடித்தபோது எண் இரண்டாயிரத்து முந்நூறு.

அவளுக்கு உள்ளூரக் குஷி. அன்று சாயங்காலமே ‘தலைமையாசிரியர் உரை தவிர்க்கப்பட வேண்டும்’ என்று ஒரு விதியை எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டாள். மறுநாள் அதை அவரிடம் காட்டியபோது மனுஷர் முகம் சுண்டிப்போனது.

“என் பேச்சுதான் நோயாம்மா?”

“நான் சொல்லல சார், எண் சொல்லுது.”

“எத்தனை தடவை பார்த்தீங்க?”

அவள் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். பதினாறு வருட வேலையில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பார்த்தது ஒரே தடவைதான். பேச்சும் இருந்தது, சாத்திய ஜன்னலும் இருந்தது. எது குற்றவாளி என்று அவளுக்கே தெரியாது. காது சிவக்க, “ஒரு தடவைதான் சார். மறுபடி பார்த்துடலாம்” என்றாள்.

அன்றே அதே பிள்ளைகளை அதே கூடத்தில் ஜன்னலைச் சாத்தி, அதே நேரத்துக்குப் பேச்சே இல்லாமல் உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் அதை வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்றார்கள். எண் இரண்டாயிரத்து நூறு. மூன்றாம் நாள் ஜன்னல்களை அகலத் திறந்து, அதே பேச்சு, ஒரு சொல் குறையாமல். பாதியில் தாள்கள் பறந்து வெளியே போக, தலைமையாசிரியர் மீதியை மனப்பாடமாகவே சொன்னார். பின் வரிசையில் இரண்டு பேர் அயர்ந்து தூங்கினார்கள். எண் எழுநூறு.

“அப்போ நான் நிரபராதி!” என்று மேடையிலேயே குதித்தார் தலைமையாசிரியர்.

உண்மையைச் சொன்னால், குற்றவாளி பேச்சாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பிள்ளைகளின் கண்களிலும் அதே ஆசை தெரிந்தது. ஆனாலும் எழுதிய விதியைப் பேனாவால் பட்டையாக அடித்தாள்.

அதிகாரி அறிக்கையைக் கடைசிவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “குடை கூடவாம்மா வேண்டாம்?”

“யார் யோசனை சார் அது?”

“என்னோடதுதான்” என்றார், தரையைப் பார்த்தபடி.

“மழைக்குக் கொண்டுவரலாம்னு போட்டுடறேன் சார்.” அவர் முகம் தெளிந்தது.

விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கின. ஜன்னலைத் திற, முகக்கவசத்தால் மூக்கையும் சேர்த்து மூடு, கையைக் கழுவு, காய்ச்சல் என்றால் வீட்டில் இரு, வாசலில் முண்டாமல் வகுப்பு வகுப்பாக வா. எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அது போனது. திறந்த முதல் வாரம் அவள் பார்க்கப் போனபோது, தலைமையாசிரியர் திறந்த மைதானத்தில் மர நிழலில் நின்று நாற்பத்தொரு நிமிஷம் பேசினார். அதைத் தடுக்க எந்த விதியிலும் இடமில்லை. அவளும் கடைசிவரை நின்று கேட்டாள்.

அப்புறம் வகுப்பு வகுப்பாகப் போய் ஜன்னல்களை எண்ணினாள். நூற்று நான்கில் நூற்றிரண்டு திறந்திருந்தன. மீதி இரண்டும் பழைய பெயின்டில் ஒட்டிப்போயிருந்தன. மறுநாள் தச்சரை வரவழைத்தார்கள். ஒன்று திறந்தது. இன்னொன்று சட்டத்தோடு பெயர்ந்து அவர் கையிலேயே வந்துவிட்டது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் ‘திறந்தவை’ கட்டத்தில் எழுதிக்கொண்டாள்.