ஸ்கூட்டர் கண்ணாடியில் தேன்சிட்டு

என் அப்பா தேன்சிட்டாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று ஒரு வாரம் முழுசாக நம்பினேன். எண்பத்தைந்து கிலோ மனிதர், எட்டு கிராம் பறவையாக. உயிரோடு இருந்தவரை டயட் என்றாலே எழுந்து போனவர்.

காரியம் நடந்த நாட்களில் எங்கள் மயிலாப்பூர் மொட்டைமாடியில் வைத்த சோற்றை ஒரு காக்கைகூடத் தொடவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, கீழே நின்ற அப்பாவின் ஸ்கூட்டர் கண்ணாடியை ஒரு பறவை டொக்டொக்கென்று தட்டியது. கட்டைவிரல் அளவு. அரக்கு முதுகு, மஞ்சள் வயிறு, வெயில் பட்டால் பச்சையாக மின்னும் தலை, வளைந்த அலகு. அடுத்த நாளும் அதே ஏழு மணி.

அப்பாதான் என்று முடிவுகட்டினேன். ஐ.சி.யு.வில் அப்பா நான்கு முறை கேட்டிருந்தார்: "ஆத்துக்கு அழைச்சுண்டு போடா." நான்கு முறையும் "நாளைக்குப்பா" என்றேன். ஐந்தாம் முறை கேட்க முடியாமல் வாயில் குழாய். இப்போது தட்டுகிறார் என்றால் விசாரிக்கத்தானே? தினமும் ஸ்கூட்டர் முன்னால் கைகட்டி நின்று, "தப்புதான்ப்பா" என்று முணுமுணுத்தேன்.

ஏழாம் நாள் வாட்ச்மேன் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், வண்டிக்கு பூஜையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இது தேன்சிட்டு சார், ஆம்பள. பொட்ட கேட்டாண்ட செம்பருத்தில கூடு கட்டிக்கினு கீது. கண்ணாடில தெரியறத வேற ஆம்பளன்னு நெனச்சி சண்ட போடுது. துணி போட்டு மூடு சார். இவ்ளோ தாழ்வா குந்தினா பூனை வுடாது."

மனைவி போனில் தேடிப் பார்த்தாள். வாட்ச்மேன் சொன்னது அத்தனையும் அதிலும் இருந்தது.

"ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுன்னு பேராம். பின்பக்கம் ஊதாவா இருக்குமாம். உங்கப்பாவை யாராவது இப்படிக் கூப்பிட்டிருந்தா விட்டிருப்பாரா? போய் மூடிட்டு வாங்கோ."

துணியோடு இறங்கினேன். வெறும் பறவைதான், தெரிந்துவிட்டது. ஆனால் மூடினால் நாளைக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? துணியால் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு மேலே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, கண்ணாடியோடு சண்டையில் இருந்த அதைப் பூனை கவ்விக்கொண்டு காருக்கு அடியில் போனது. நான் மூன்று அடி தள்ளி, கைகட்டி நின்றிருந்தேன்.