கறுப்பாக, கட்டையாக ஒரு கேமரா

திருவரங்குளம் வட்டாரத்தில் கல்யாணம் வைக்கிறவர்கள் மண்டபம், சமையல்காரர் இரண்டையும் பேசி முடித்த கையோடு பிரகதீஸ்வரியைத்தான் தேடுகிறார்கள். பெண் போட்டோகிராபர் என்பதால் மணப்பெண் அறைக்குள் தயங்காமல் போய் வரலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவள் கழுத்தில் தொங்கும் கேமரா. மேலே வெள்ளி நிறம், உடம்பெல்லாம் கறுப்புத் தோல், தலையில் திருகி வைக்கிற உலோகச் சக்கரங்கள். பார்வைக்கு அந்தக் காலத்து ரோல் கேமரா. உள்ளே முழுக்க இந்தக் காலத்து டிஜிட்டல். அதைக் கண்டதும் மாப்பிள்ளைத் தோழர்கள் செல்போனை எடுத்து, படம் எடுக்க வந்தவளையே படம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அவளுக்கோ அதைக் கண்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கேட்டது வேறு. பெரிய பிடி வைத்த, கறுப்பான, கொஞ்சம் முரட்டு ஜாதிக் கேமரா. ஓடுகிற ஆளின் கண்ணைக்கூட விடாமல் பிடிக்கும். இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒன்று கெட்டாலும் படம் இன்னொன்றில் இருக்கும். அதன் பெயரை எழுத்துப் பிசகாமல் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் கணவன் ஆத்மநாதனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவனும் கடைக்குப் போனான். போன இடத்தில் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த வெள்ளித்தலைக்காரி அவனை மயக்கிவிட்டாள்.

"நீ சொன்னது கறுப்பா, கட்டையா, கரடு முரடா இருந்துச்சு பிரகதி. அதை ஒனக்கு வாங்க மனசு வரல. ஒன் கையில அழகா ஒண்ணு இருக்கணும்ல?" என்றான் லீவில் வந்தபோது.

மனைவியை இந்த அளவுக்கு நினைக்கிற ஒருவனிடம் என்ன சொல்வது? "நல்லாருக்குங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் அவள் போட்டுக்கொண்ட பூட்டு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அந்த மாட்டைக் கட்டித்தான் தினம் உழ வேண்டும் என்றால் பல்லைப் பார்க்காமல் என்ன செய்வது? பழமொழி சொன்னவர் உழவே போகாதவர் போலும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளை அந்தக் கேமரா எடுக்கிற அழகே தனி. மாநிறத்தை மாநிறமாகவே காட்டும். ஆனால் கல்யாண வீட்டில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்? அட்சதை விழுந்தால் முகத்தை விட்டுவிட்டு அரிசியின் பின்னால் போகும். பிடி இல்லாததால் மதியத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். ஒரே ஒரு கார்டுதான். அதுவும் அடியில் பேட்டரியோடு ஒரே மூடிக்குள் கிடக்கும். நாலு படம் சேர்ந்தாற்போல் எடுத்தால், அதைக் கார்டில் எழுதி முடிக்கச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நேரம் எடுத்துக்கொள்ளும்.

பழைய கேமரா பழுதாகிப் பீரோவில் கிடக்கிறது. ஆகவே போன தடவை போனில் பேசும்போது சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு ரெண்டு கேமரா இருந்தாத்தாங்க தைரியம்."

"பாக்குறேன்" என்று மட்டும் சொன்னான். தான் அனுப்பிய பெயர் அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பினாள். வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

வைகாசியில் இலக்கியா கல்யாணம் வந்தது. அவள் அம்மா இருளாயி, கணவனை இழந்து, கடலைக்காட்டில் பாடுபட்டுப் பெண்ணை நர்சிங் படிக்க வைத்தவள். "எல்லாத்தையும் விட்டாலும் பரவால்லம்மா. தாலி ஏறுற படம் மட்டும் பெருசாப் போட்டு அவ அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

பிரகதீஸ்வரி அன்று தாலி ஏறுவதை அழகாகவே பிடித்தாள். அட்சதை விழுவதற்கு முந்தின நொடி, இலக்கியா கண்ணில் நீர் கட்டி நின்றது. விரல் வலிக்க வலிக்கச் சேர்ந்தாற்போல் அழுத்தினாள். அதே நேரம் கூட்டம் நெருக்கியதில் விளக்கு ஸ்டாண்டு சாய்ந்தது. கேமராவை மேடை நாற்காலியில் வைத்துவிட்டு அதைத் தாங்கிப் பிடிக்க ஓடினாள்.

திரும்பிப் பார்த்தபோது பெண்ணின் தாய்மாமன் முத்துராமன், பட்டுத் துண்டும் சந்தனமுமாகக் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். அடிமூடி திறந்திருந்தது. அவர் விரலிடுக்கில் கார்டு.

"ரோல் மிச்சம் இருக்கான்னு பாத்தேம்மா. சிங்கப்பூர்ல இருந்தப்ப நானும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தேன். இதென்ன, ரோலே காணோம், சில்லுதான் இருக்கு?" என்றார், உதவி செய்த திருப்தியோடு.

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. படங்களைக் கார்டில் எழுதி முடிப்பதற்குள் மூடி திறந்துவிட்டது. கறுப்புக் கட்டைக் கேமராவாக இருந்தால் அவர் தொட்டே இருக்க மாட்டார். அது அவருக்குப் புரியாத சாமான். இதுதான் வாலிப வயதில் தொட்டுப் பழகிய சாமானைப் போல அவரைக் கூப்பிட்டுவிட்டது.

புதுக்கோட்டைக்கு எடுத்துப்போய், கெட்ட கார்டிலிருந்து படம் மீட்கிற கடையில் காத்துக்கிடந்தாள். பெண் மணவறைக்கு வந்தது வரை எல்லாம் இருந்தது. தாலிப் படங்களில் ஒன்றுதான் திறந்தது. அதிலும் மாப்பிள்ளையின் கையும் மஞ்சள் கயிற்றின் ஒரு முனையும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சாம்பல் பட்டை. வீடியோக்காரரைக் கேட்டாள். அவர் படத்தில் தாலி ஏறிய நேரம் பூராவும் நாதஸ்வரக்காரர் முதுகுதான் இருந்தது.

இருளாயி வீட்டுக்கு அவளே போய்ச் சொன்னாள். யார் மூடியைத் திறந்தது என்று மட்டும் சொல்லவில்லை. தாய்மாமன் மேல் குற்றம் சொன்னால் போட்டோ மட்டுமா போகும், உறவே இரண்டாகும். ஆனால் முத்துராமனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி வரும்? அதுல ரோலே இல்ல. நான் அப்பவே தொறந்து பாத்தேன்" என்று சாட்சி சொன்னார்.

இருளாயி சுவரில் மாலையோடு இருந்த கணவன் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக அடித்து வைத்திருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோ அழகான கேமரா வச்சிருக்கியேன்னு நம்புனேம்மா" என்றாள். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது பிரகதீஸ்வரிக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்தன்று இலக்கியா அந்தக் கேமராவைக் கையில் பிடித்துச் சிரிக்கும் செல்போன் படம் ஊரெல்லாம் சுற்றியது. பொன்னமராவதியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "அந்தக் கேமராவோடதான வருவீங்க?" என்று உறுதி கேட்டுக்கொண்டாள். வேறு கேமராவோடு போனால் வாடிக்கை இல்லை. இதோடு போனால் தாலி இல்லை. மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆத்மநாதனுக்கு விடுமுறை. இன்றைக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்தாள். மாமியார் சொர்ணவல்லி முறத்தில் உளுந்தோடு பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டாள். திரையில் ஆத்மநாதன் முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு மாதமாக ஓவர்டைம்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் மொதல்ல சொல்லிக்கிறேன்." குனிந்து ஒரு பெட்டியை எடுத்தான். கறுப்பாக இருக்கட்டும், கட்டையாக இருக்கட்டும் என்று அவள் திருவரங்குளத்து ஈசுவரனை வேண்டினாள்.

பெட்டிக்குள் அதே வெள்ளித்தலை. தோல் மட்டும் இந்தத் தடவை பழுப்பு.

"ரெண்டு வேணும்னு சொன்னில்ல? ஜோடியாத் தொங்கவிட்டா எப்படி இருக்கும். கடை கடையா ஏறி இறங்கித் தேடுனேன். பிடிச்சிருக்கா?"

"ஒண்ணு கேட்டா ஜோடியாத் தர்றான் பாரு, எம் மவன்" என்றாள் சொர்ணவல்லி, உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே.

அறைத் தோழர்கள் இருவர் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவன் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்த கையில் புதிதாக ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. இவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கலாம் என்று பிரகதீஸ்வரி நினைத்தாள். நினைத்த உடனே அழுகை வந்தது.

"நல்லாருக்குங்க."

"நீ என்னமோ சொல்லணும்னியே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லங்க. பத்திரமாக் கொண்டாங்க."