ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்

காலையில் மீன்காரர் சாளை விற்றுக்கொண்டு போகிறார். சாளையேய், சாளையேய், சாளையேய். முதல் இரண்டும் சாவகாசம். மூன்றாவது மட்டும் வெட்டுக்கத்தி. எனக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகத் தோன்றுவதில்லை. கோர்ட்டு வராந்தாவில் டவாலி என் தம்பியின் பெயரைக் கூப்பிட்டதும் இதே ராகத்தில்தான். மூன்று முறை. மூன்றாவதில் ஒரு வெட்டு.

அவன் அப்போது வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவில் வந்தவன், கீரிப்பாறைப் பக்கம் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, ரப்பர் தோட்டத்து மண்பாதையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் சரிந்து ரோட்டில் ஏறி இவன் வண்டியின் பக்கவாட்டில் இடித்தது. மழை. ஸ்கூட்டர்காரருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. இவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் ஊர் ரோட்டுக்கு ஒரு நீதி உண்டு: விழுந்து கிடப்பவன் வாதி, நிற்பவன் பிரதிவாதி. இவன் நின்றான். போதாததற்கு அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனான்.

ஸ்டேஷனில் ஏட்டு நல்ல மனிதர். கேலியாகச் சொல்லவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் பயந்துபோய் ஒரு வக்கீலைத் தேடியிருப்போம். அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதல்ல.

"லீவு எப்பம் முடியுது தம்பி?"

அவன் சொன்னான்.

"அப்போ கேளு. கேஸ் நடத்தப் போனா வாய்தா வாய்தான்னு இழுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீ பிளேன் ஏறி வருவியா? ஒத்துக்கிட்டா ஒரு ஃபைன். கெட்டிட்டுப் போயிட்டே இரி."

"நான் இடிக்கல்ல சார். அவருல்லா வந்து இடிச்சாரு."

"யாரு இல்லன்னு சொன்னா? உள்ளதுதான். ஒனக்காக பிளேன் நிக்குமா?"

வீட்டிலும் அதே பேச்சு. என் வீட்டுக்காரர் மைத்துனனுக்கு ஆறுதல் சொன்னார்: "ஹெல்மெட் போடாம மாட்டினா ஃபைன் கெட்டுகோம்லா மாப்ளே? அது மாதிரின்னு நெனச்சுக்கோ." எல்லோரும் அது மாதிரி என்றுதான் நினைத்தோம். ஹெல்மெட்டுக்கு ரோட்டோரத்தில் கட்டுவது ஒரு அபராதம். கட்டியதோடு ஆளை விட்டுவிடும். அஜாக்கிரதையாக ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினேன் என்று நீதிபதியின் முன்னால் சொல்லிவிட்டுக் கட்டுவதும் அபராதம்தான்; ஆனால் அதன் பெயர் தண்டனை. அது ஆளை விடாது. ரசீதைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்று கோர்ட்டில் ஒரு நீண்ட வரிசை. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர், சீட்டு விளையாடியவர், லைசன்ஸ் இல்லாதவர். ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, ஒத்துக்கிடுதேன், ஒத்துக்கிடுதேன் என்று இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் பாவ அறிக்கை சொல்வது போலவே இருந்தது. யோசித்துப் பார்த்தால் எங்களைக் கெடுத்தது அந்தப் பழக்கம்தானோ என்னவோ. முழங்காலில் நின்று, செய்ததையும் செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வோம், ஆயர் கையை உயர்த்துவார், மன்னிப்பு. அறிக்கைக்குப் பின்னால் மன்னிப்பு வரும் என்று எலும்பு வரைக்கும் நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். கோர்ட்டில் கையை உயர்த்த ஆள் இல்லை.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?"

தம்பி நீதிபதியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற ஏட்டைப் பார்த்தான். ஏட்டு கண்ணை மூடித் திறந்தார்.

"ஒத்துக்கிடுதேன்."

கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் முகத்தில் ஒரு கூச்சம், யாரோ அவன் சட்டையை அவிழ்த்துப் பார்த்தது போல. அந்த ஞாயிறு, வழக்கிலிருந்து விடுவித்த கர்த்தருக்கு என்று ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தோம். ஆயர் அதைச் சத்தமாக வாசித்தார். விடுதலையாம்.

பிறகு அவன் போனான். ஓட்டினான். அங்கேயே வேறொரு கம்பெனி, இதைவிட நல்ல வேலை, குடும்பத்தைக் கூட்டிப்போகலாம் என்றார்கள். பழைய வேலையை விட்டுவிட்டு, புது விசா அடிக்க ஊருக்கு வந்தான். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம்வரை விசாரித்து வைத்திருந்தான்.

சான்றிதழ் வரவில்லை. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் என்ற ஒரு வரி வந்தது.

அதற்கப்புறம்தான் வக்கீலைத் தேடினோம். என்னைவிட இளைய பெண். நாகர்கோவிலில் மாடி அறை, மேலே சுற்றாத மின்விசிறி.

"எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"ஏட்டு சொன்னாரு மேடம்."

"கேஸ் போட்டதே அந்த ஸ்டேஷன்தானே அண்ணாச்சி. பிறகு அவங்ககிட்டயே போய் வழி கேப்பீங்களா?" கோபமாகத்தான் கேட்டாள், அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. "இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு உரிமை உண்டு. உங்க மேல என்ன எழுதியிருக்குன்னு நகல் கேட்டு வாங்கலாம். வக்கீலுக்கு வழியில்லன்னா அந்தக் கோர்ட்டு வளாகத்துலயே இலவச சட்ட உதவி இருக்கு. வாய்தாவுக்கு நேர்ல வர முடியலன்னா மனு போட்டுக் கேட்டிருக்கலாம்."

"இனி அப்பீல் போலாமா?" என்றேன்.

"தானா ஒத்துக்கிட்ட கேஸ்ல தீர்ப்பு தப்புன்னு போக வழியில்ல அக்கா. தண்டனை கூடிப்போச்சுன்னு வேணும்னா கேக்கலாம்." அவள் தம்பியிடம் திரும்பினாள். "ஃபைன் கூடுதலா?"

"இல்ல மேடம். கம்மிதான்," என்று அவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த விசாவில் வேறொருவன் போனான். இவன் இப்போது டாரஸ் லாரி ஓட்டுகிறான். எங்கள் மலைகளை உடைத்துக் கேரளாவுக்குக் கொண்டுபோகும் கல் லாரி. அந்த வேலைக்கு யாரும் நன்னடத்தை கேட்பதில்லை. முதல் நாள் விடியலில் தெரு முடுக்குவரை கூடப் போனேன். லாரி சாலையோரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பையை உள்ளே எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். எதையாவது சொல்ல வேண்டும். உலகத்தில் எல்லோரும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"பாத்துப் போ மக்கா."

கியரைப் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அன்னைக்கும் பாத்துத்தான்க்கா போனேன்."