அக்காவைப் பாடச் சொன்னார்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணு பாடுமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அடுப்படியில் வேகப்போகிறவளுக்குப் பாட்டு எதற்கு? கல்யாணமான மறுநாளே, "அங்க என்ன முணுமுணுப்பு?" என்று அவள் வாயை அடைக்கப்போகிறவர்களும் இவர்கள்தானே.

யுத்த காலம் அது. திருத்தணியில் மலையடிவாரத்துத் தெருவில் எங்கள் வீடு. அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. கிணற்றடியில் அக்கா நன்றாகவே பாடுவாள். ஜமக்காளத்தில் உட்காரவைத்து, முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் வாயையே பார்த்தால்தான் தொண்டை கட்டிக்கொள்ளும். நான்கு இடம் அப்படியே தட்டிப்போயிற்று. "குரல் சுமார்" என்று ஓர் இடத்திலிருந்து கார்டு வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு மாவரைக்கப் போனாள். நான் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அந்தக் கோடையில்தான் மலைச்சரிவு இலந்தைச் செடியில் காட்டுப் பட்டுப்பூச்சிக் கூடு ஒன்றைப் பார்த்து, எடுத்துவந்து சமையலறை ஜன்னலில் சல்லடையைக் கவிழ்த்து வைத்தேன். மழை பெய்த மறுநாள் கூட்டிலிருந்து வந்தது பெண் பூச்சி. அடுத்த நாள் காலையில் பார்த்தால், சல்லடைக்கு வெளியே மூன்று ஆண் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மீசை ஒவ்வொன்றும் சீப்பு மாதிரி. அவள் வாசனையைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்து வந்தனவோ. என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளோ இருந்த இடத்தைவிட்டு அசையக்கூட இல்லை. சில்வண்டிலும் கத்துவது ஆண்தான், பெண்ணுக்குக் குரல் கிடையாது, கேட்டுப் பிடித்தால்தான் அருகே போகும் என்று என் பாடப்புத்தகத்தில் இருந்தது. பூச்சிக்கு இருக்கிற மரியாதை என் அக்காவுக்கு இல்லையா என்று எனக்குக் கொதித்தது.

ஐந்தாவதாக வந்தவர்கள் பள்ளிப்பட்டுக்காரர்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில் நடுப்பகலில் வந்து இறங்கினார்கள். அம்மா அக்காவின் தலை கொள்ளாமல் மல்லிகை வைத்து, அது போதாதென்று மருக்கொழுந்தும் சொருகி, கழுத்தில் அத்தர் வேறு தடவியிருந்தாள். மூச்சுமுட்டுகிற வாசனை. மாப்பிள்ளையின் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அக்கா பாட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு இன்னும் எரிச்சல் மூண்டது. அந்த நேரம் பார்த்து வாசல் வேப்பமரத்தில் சில்வண்டு கத்தத் தொடங்கியது. அக்காவின் குரல் அதில் முழுகிப்போயிற்று.

"அந்தச் சனியன யாராச்சும் வெரட்டுங்க. பொண்ணு பாடறது ஒண்ணும் காதுல வுழல," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"கத்தறது ஆம்பள வண்டுங்க. அதுங்கள்ல ஆம்பளதான் பாடணும், பொண்ணு கேட்டுகினு சும்மா இருக்கும். உங்க புள்ளைய ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க. எங்க அக்கா கேட்டுட்டு, புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லட்டும்."

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் அம்மா எழுந்துவிட்டாள். தாம்பூலத்தைக்கூடத் தொடாமல் எல்லோரும் கிளம்பினார்கள். நைனா அவர்கள் பின்னாலேயே பஸ் வரைக்கும் கெஞ்சிக்கொண்டு போனார். பெற்ற அப்பா அப்படிக் கெஞ்சுவதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. நான்கு இடத்து அவமானத்துக்கும் சேர்த்துப் பதில் கொடுத்துவிட்ட திமிர் எனக்கு.

உள்ளே அக்கா தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வுடுக்கா. இனிமே ஒருத்தரும் உன்ன பாடச் சொல்லமாட்டாங்க," என்றேன்.

"அவரு என் வாயப் பாக்கல," என்றாள் அக்கா. "எனக்குக் கூச்சமா இருக்கும்னு தலைய குனிஞ்சிகினே தாளம் போட்டுகினு இருந்தாரு. நடுவுல நான் தப்பு பண்ணப்ப நிறுத்தி, எனக்காகக் காத்துகினு இருந்தாரு. எனக்கு அவரப் புடிச்சிருந்திச்சி."

பூவைச் சுருட்டி ஜன்னலில் வைத்தாள்.

"அவங்கதான் என்ன ஒரு வார்த்த கேக்கல. நீயாச்சும் கேட்டியா?"

நான் கேட்கவில்லை.