பொம்மைக்கு எதற்குப் பவுடர்

கண்டி வாவிக்கரைப் பக்கம் பரிசுப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று. நான் தைத்த துணிப் பொம்மையைக் கையில் வாங்கிய முதலாளி முதலில் தையலைத்தான் பாராட்டினார். பொம்மை போட்டிருந்த ஒரேஞ்ச் நிற மேலங்கியைத் தடவிப் பார்த்தார். அதன் கையிலிருந்த குட்டி விளக்குமாற்றை விரலால் சுண்டினார். பிறகு முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"தங்கச்சி, கைவேலை நல்லா இருக்கு. ஆனா இப்படிக் கறுப்பா இருந்தா யாரு வாங்குவாங்க? வெள்ளைக்காரங்க வந்து போற கடை இது. நெறத்த மட்டும் கொஞ்சம் மாத்துங்க. அந்த விளக்குமாத்த எடுத்துட்டு ஒரு தாமரைப் பூவக் குடுங்க. கண்டிச் சேலை கட்டி விடுங்க. எத்தனை கொண்டு வந்தாலும் எடுக்கிறேன்" என்றார்.

வெள்ளைக்காரர்கள் வெயிலில் கிடந்து கறுப்பதற்குத்தானே இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பொம்மையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "தாமரைப் பூவால ரோடு கூட்ட முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை இன்னும் நன்றாகக் கேட்டிருக்கலாமே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பொம்மை என் அம்மா. கண்டியிலேயே உள்ள மஹய்யாவையில் எங்கள் வரிசையிலுள்ள வீடுகளில் பாதிப் பேர் அந்த மேலங்கியைப் போட்டவர்கள்தான். அம்மாவும் ஓய்வு பெறும்வரை இந்த நகரத்தின் வீதிகளைக் கூட்டினாள். விடிந்து சனம் நடமாடத் தொடங்கும்போது வீதி சுத்தமாக இருக்கும். யார் கூட்டியது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறேன். அங்கே மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து வீட்டில் பொம்மை செய்கிறேன். தாதி, பஸ் நடத்துநர், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் என்று எனக்குத் தெரிந்த பெண்களையெல்லாம் தைக்க வேண்டும் என்று ஆசை. அம்மாவில் தொடங்கினேன்.

துணி கிடைப்பதே பெரும் பாடாக இருந்தது. கடையில் போய்த் தோல் நிறத்தில் துணி கேட்டால் இளஞ்சிவப்பை எடுத்து விரிக்கிறார்கள். யாருடைய தோல் இது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு கோட்டுக்கு உள்ளே வைக்கும் துணியின் மிச்சத்தில்தான் அம்மாவின் நிறம் அகப்பட்டது. நல்ல கறுப்பு. கொஞ்சம் சிவப்பு ஓடும் கறுப்பு.

கடைக்காரர் வேண்டாமென்றால் போகட்டும், போனில் நானே ஒரு பக்கம் திறந்து விற்றுக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். அதற்குப் படம் வேண்டும். எங்கள் வீட்டில் படம் எடுப்பதென்பது லேசான காரியமில்லை. இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு எதிரே கையெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர், அதற்குப் பச்சைப் பெயின்ட். பகலில் எடுத்தால் பொம்மைக்குப் பாசி பிடித்தது போல முகமெல்லாம் பச்சை. பின்னேரமானால் மலைப்பக்கத்திலிருந்து மழை இறங்கிவிடும், அதோடு வெளிச்சமும் போய்விடும்.

கைவினைப் பொருள் விற்கிறவர்கள் படம் எடுக்க வெளிச்சப் பெட்டி ஒன்று வைத்திருப்பதை வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கினால் என் பொம்மைகளெல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. ஆகவே சந்திக் கடையில் பிஸ்கட் வந்த பெரிய மட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் அம்மா மறித்தாள்.

"குப்பைய வீட்டுக்குள்ள கொண்டாராத. நான் ஊர்க் குப்பைய எல்லாம் அள்ளி முடிச்சிட்டேன், இனி உன் குப்பையுமா?"

"இது குப்பை இல்லம்மா, ஸ்டூடியோ."

"ஸ்டூடியோவாம். கரப்பான் குடித்தனம் நடத்தும் பாரு."

பெட்டியின் வாய் என்னைப் பார்க்கும்படி படுக்கவைத்து, இரு பக்கத்திலும் மேலேயும் சட்டம் போல ஓரம் விட்டு ஜன்னல் வெட்டினேன். தையற்காரி கை என்பதால் வெட்டு நேராக வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஜன்னல்களை மூட, வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டுகிற மெல்லிய வெள்ளைத் தாளை வாங்கி ஒட்டினேன். இந்த ஊரில் ஒரு பல்பின் வெளிச்சத்தை முரடில்லாமல் பரவவிடுவது எப்படி என்று அந்தத் தாளுக்குத்தான் நன்றாகத் தெரியும். உள்ளே ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட் அட்டையைத் தரையிலிருந்து பின்சுவர் வரை மடிக்காமல் வளைத்து வைத்தேன். அப்படி வைத்தால் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது படத்தில் தெரியாது. இரண்டு பக்கமும் இரண்டு மேசை விளக்குகள். ஒன்றில் மஞ்சள் பல்ப், மற்றதில் வெள்ளை பல்ப் இருந்ததைக் கவனிக்காமல் எடுத்ததில் அம்மாவின் ஒரு கன்னம் காலையும் மறு கன்னம் மாலையுமாக வந்தது. பல்பை மாற்றினேன்.

மாற்றியும் சரிவரவில்லை. வெள்ளைப் பெட்டிக்குள் நிறுத்தியதும் படத்தில் பொம்மை வெறும் கறுப்புக் கட்டியாகிவிட்டது. கண் இல்லை, மூக்கு இல்லை. மேலங்கி மட்டும் பளிச்சென்று நின்றது. போனில் வெளிச்சத்தைக் கூட்டி, கிட்டப் போய் இடுப்புக்கு மேலே ஒன்று எடுத்தேன். திரையில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழுத்து கறுப்பு. கைகள் கறுப்பு. முகம் மட்டும் கோதுமை நிறம், கன்னத்தில் ரோசாப் பூச்சு வேறு. நான் பார்த்துப் பார்த்துத் தைத்த நெற்றிச் சுருக்கங்கள் எல்லாம் மாயமாய்ப் போயிருந்தன.

பெட்டியைச் சந்தேகப்பட்டேன், தாளைச் சந்தேகப்பட்டேன், கடைசியில்தான் போனைச் சந்தேகப்பட்டேன். முகத்தை அழகாக்கும் வசதி போனில் எப்போதும் போட்டபடியே இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பவுடர். "பவுடர் போட்டு எடு" என்பாள் அம்மா. எங்கள் வரிசையில் யாரும் அது இல்லாமல் படம் எடுப்பதில்லை. பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கல்யாணம், கோயில் தேர், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அனுப்பும் படம், எதுவானாலும் பவுடர். நாங்கள் எல்லோரும் படத்தில் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம். போனுக்கு என்ன தெரியும் பாவம்? நூலால் தைத்த கண்ணையும் வாயையும் கண்டதும் இதுவும் இந்த வீட்டுப் பொம்பளைதான் என்று நினைத்து, பழகிய வேலையைச் செய்துவிட்டது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கோபம் வந்தது, கடைக்காரர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம். அவராவது நிறத்தை மாற்று என்று கேட்டார். இந்தப் போன் கேட்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இப்பதான் நல்லா இருக்கு. இதையே போடு."

"அம்மா, இது நீ இல்ல."

"நான் இல்லாட்டி என்ன? பாக்க லெச்சணமா இருக்குல்ல?"

"கையும் கழுத்தும் கறுப்பா இருக்கு, மூஞ்சி மட்டும் வெள்ளை. பாக்கிறவன் சிரிப்பான்."

"கைக்கும் பவுடர் போடு."

நான் போனில் அந்த வசதியை அணைத்துக் காட்டினேன். இனி இந்தப் பொம்மைகளுக்குப் பவுடர் கிடையாது, உள்ள நிறத்தில்தான் போடப்போகிறேன் என்றேன். அம்மாவின் முகம் மாறியது.

"ஏண்டி, என் மூஞ்சிய ஊரு பூரா கறுப்பாக் காட்டப் போறியா? கருவாச்சி, கருவாச்சின்னு கேட்டுக் கேட்டு என் காது புளிச்சது போதாதா? நான் கூட்டிக்கிட்டு நிக்கிறப்ப மூக்கப் பொத்திக்கிட்டுப் போனாளுங்க. குப்பைக்கா பொத்துனாளுங்க, எனக்கா பொத்துனாளுங்கன்னு எனக்குத் தெரியும். படத்துலயாச்சும் வெள்ளையா இருந்துட்டுப் போறேன். அதுல உனக்கு என்ன நட்டம்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் ஆசைப்படி விட்டுவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் விட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் செய்தது சரியென்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்களாவது அம்மாவைப் பார்க்காமல் போனார்கள். நான் பார்த்து, தைத்து, அதற்குப் பிறகு அழிக்க வேண்டுமா? முடியாது. அம்மாவிடமே முடியாது என்றேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வீம்பு வந்தால் சாப்பாடு மறந்துவிடும். வெள்ளை போர்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாம்பல் நிற போர்ட் ஒன்றைப் போட்டேன். வெள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினால்தானே போன் பொம்மையை இருட்டாக்குகிறது? அந்தச் சாம்பல் நிறத்தின் முன்னால் கறுப்பு நிமிர்ந்து நின்றது. ஒரு விளக்கை அணைத்து, மற்றதைப் பக்கவாட்டில் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, அந்த வெளிச்சத்தையே மெல்லத் திருப்பி அனுப்பினேன். திரையில் பின்னணியைத் தொடாமல் பொம்மையின் கன்னத்தைத் தொட்டு, அதற்குத் தக்கபடி வெளிச்சத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான், அம்மா வந்துவிட்டாள். நெற்றிச் சுருக்கம், மூக்கின் மேட்டில் ஒரு மினுக்கம், ஒரு கையை இடுப்பில் ஊன்றி மறு கையில் விளக்குமாற்றைப் பிடித்து, வேலையை முடித்துவிட்டு வீதியைப் பார்க்கிற அந்த நிற்பு. துணியில் ஓடிய சிவப்புகூடத் தெரிந்தது. கறுப்புக்குள் இத்தனை இருக்கிறதென்று தைத்த எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

படத்தைப் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "இவள் நம் வீதிகளைக் கூட்டுகிறவள். இவளுடைய நிறம் இதுதான். மாற்றித் தரப்படாது."

கேட்காமல் விடுவார்களா? ஒருத்தி, மகளின் பிறந்தநாளுக்கு வேண்டும், கொஞ்சம் வெளுப்பாகச் செய்ய முடியுமா என்று எழுதினாள். முடியாது என்றேன். இன்னொருவர், விளக்குமாறு இல்லாமல் கிடைக்குமா என்றார். வீதி குப்பையாகிவிடும் என்று பதில் போட்டேன். எடுத்தெறிந்து பேசினால் யார் வாங்குவார்கள் என்று தையற்கடையில் கூட வேலை செய்கிறவர்கள் புத்தி சொன்னார்கள். வாங்காவிட்டால் என் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும், அம்மாவுக்கு என் வீட்டில் இடமில்லையா என்றேன்.

அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி ஊற்றினாள், வாய் திறக்கவில்லை. யாராவது வந்தால் பொம்மையைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். என்னை யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அவளே அந்தப் பொம்மையை ஒளித்துவைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு நெடுங்காலம் வேலை செய்த ஒருவர் போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். அவருடையது எங்கள் வரிசையின் கடைசி வீடு. நான் அத்தை என்று கூப்பிடுவேன். என் பக்கத்தைப் பேத்தி காட்டினாளாம். கோபமாக வருகிறாரோ என்று பயந்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"புள்ள, இது நான்தானே?" என்றார். கண்ணெல்லாம் சிரிப்பு. "மறைக்காத. பாத்த ஒடனே சொல்லிட்டேன். இடுப்புல கைய வச்சு நிக்கிறது நான்தான். நம்ம வரிசை பூரா காட்டிட்டு வர்றேன். எனக்குப் பொம்மை செஞ்சிருக்கா பாருங்கடின்னு சொல்லிட்டு வர்றேன்."

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் அந்தச் சிரிப்பு போய்விடும். அதற்குள் குசினியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"எங்க காட்டு" என்று போனைப் பிடுங்கினாள். "நீயா? இடுப்புல கை வச்சா நீயாயிருவியா? ஊருல எல்லாருந்தான் வைக்கிறாளுக."

"நான் இல்லாம வேற யாரு அக்கா?"

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அத்தையின் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு ஒரு பக்கத்தில் வைத்தாள். மறுபக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"நல்லா கண்ணத் தொறந்து பாரு. இந்த நெறம் உனக்கு எங்கடி இருக்கு? இந்தக் கறுப்பு இந்த வரிசையில ஒருத்திக்குத்தான் இருக்கு. இது நான். என் மவ என்னையத்தான் செஞ்சிருக்கா."

சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து பொம்மையை எடுத்து, வாசலுக்கு நேரே மேசையில் நிறுத்தினாள். அத்தையின் முகம் வாடிப்போனதைப் பார்த்ததும் அம்மாவின் குரல் தணிந்தது. பேசாமலிருந்த நாட்களுக்குப் பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"இவளுக்கும் ஒண்ணு செஞ்சு குடு. என்னைய விடக் கொஞ்சம் வெளுப்பு இவ, துணியப் பாத்து எடு. பவுடர் கிவுடர் போட்டுறாத."